மாதா வந்த வீடு

மன்னார்புரத்தில், படுத்த நோயாளிகளை வைத்துப் பராமரிக்கிற சவரிராயர் விடுதிக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் சாலையைப் பார்த்தது. அதற்குப் பெரிய இரும்புக் கதவு, கதவுக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு. பின்வாசல் கருவேலங்காட்டைப் பார்த்தது. அதற்குக் கதவு கிடையாது, ஒரு மூங்கில் படல் மட்டும். ஐம்பத்து நாலாம் வருஷம் மே மாதம் திருச்சியில் அங்கங்கே பெரியம்மை கண்டபோது விடுதி நிர்வாகம் முன்வாசலை மூடியது. பின்வாசலை மூட யாருக்கும் தோன்றவில்லை. அது பாலும் விறகும் சலவைத் துணியும் வருகிற வழி. நோயும் அந்த வழியாக வரலாம் என்று கமிட்டியில் ஒருவரும் நினைக்கவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் சகாயம்மாளுடையது. வயது ஐம்பத்திரண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால் பாலக்கரை வீட்டு வாசலில் துவைத்த சேலையை உதறிக்கொண்டிருந்தவள், உதறிய கையோடு சாய்ந்தாள். வலது பக்கம் முழுக்க வாதம். பேச்சு நின்றது. விழுங்குவதும் பாதி நின்றது. வீட்டில் மிச்சம் இரண்டு பேர். புருஷன் அற்புதசாமி ஜங்ஷன் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டினார். மகள் பாக்கியமேரி செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறைக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பகலில் ஆளில்லாத வீட்டில் இப்படி ஒருத்தியைப் போட்டுவைக்க முடியாது என்று பங்குச் சாமியார் கடிதம் கொடுத்து, இந்தக் கட்டில் கிடைத்தது.

துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் விடுதி ஆயாக்கள். சாப்பாட்டை மட்டும் அற்புதசாமி யாரிடமும் விடவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை. தூக்குச் சட்டியில் பாக்கியமேரி விடியற்காலையிலேயே காய்ச்சி வைத்த கேப்பைக் கூழ். ஜங்ஷனில் எவ்வளவு சவாரி நின்றாலும் அந்த இரண்டு நேரம் வண்டி மன்னார்புரம் பக்கம் திரும்பிவிடும்.

ஸ்டாண்டில் கேலி இருந்தது.

"என்னண்ணே, குதிரைக்குக் கொள்ளு வச்சாச்சு, வீட்டம்மாவுக்குக் கூழு ஊட்டக் கிளம்பிட்டீங்களா? எங்க வீட்டுல இதைக் கேட்டா எனக்கும் ஊட்டி விடுன்னு உக்காந்துக்குவா."

"ஊட்டி விடேன்டா. கை தேஞ்சா போயிடும்? முப்பது வருஷம் அவ எனக்குச் சோறு போட்டா. ஒரு நாளாவது நான் கேலி பண்ணினேனா?"

அவர் குதிரைகளோடு வளர்ந்தவர். குதிரைக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் தலையை உயரத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் மூங்கில் குழாயைச் செருகி ஊற்ற வேண்டும். முதல் மூன்று நாள் சகாயம்மாளுக்கும் அவர் அப்படித்தான் செய்தார். புரையேறி முகம் கறுத்துப் போயிற்று. நாலாம் நாள் தலையணை சரிந்து அவள் மோவாய் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்த சமயம், வைத்த ஒரு வாய் சத்தமில்லாமல் இறங்கியது. அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவரே கண்டுபிடித்தார். மோவாயைத் தாழ்த்த வேண்டும். கூழ் தண்ணீராக இருக்கக் கூடாது, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. உணர்வுள்ள இடது கடைவாயில் வைக்க வேண்டும். வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சின்னக் கிண்ணம் ஒன்று காலியாக முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

இரண்டு வார்டு பார்க்கிற ஆயாவுக்கு முக்கால் மணி நேரம் ஏது? அவர்கள் தலையை நிமிர்த்திக் கஞ்சித் தண்ணீரை ஊற்றுவார்கள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "உன் வண்டிக்காரர் நினைக்கிறாரு போல இருக்கு" என்று சிரிப்பார்கள். மனசில் கெடுதல் இல்லாத சிரிப்புத்தான்.

மே முதல் வாரம் கதவில் பலகை தொங்கியது. 'பெரியம்மையை முன்னிட்டுப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.' மூத்த ஆயா ரோசம்மாள் சூப்பிரண்டு அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். "ஆறு பேருக்கு வீட்டு ஆளு வந்து ஊட்டினாத்தான் சோறு இறங்குதுங்க. அவங்களையும் நிறுத்திட்டா நான் எங்க போறது? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு." அம்மை குத்திய தழும்பைக் காட்டுகிற ஆறு பேருக்கு மட்டும் சீட்டு கொடுப்பதென்று முடிவாயிற்று. மஞ்சள் அட்டை. மேலே 'பார்வையாளர் அனுமதிச் சீட்டு' என்று அச்சடித்திருந்தது. அற்புதசாமி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, காசளவுக்கு இருந்த இரண்டு தழும்பையும் காட்டிச் சீட்டு வாங்கினார். வாங்கும்போதே சொன்னார்.

"நான் பார்க்க வரலீங்களே. ஊட்ட வர்றேன்."

"எல்லாம் ஒண்ணுதான் போய்யா" என்றார் சூப்பிரண்டு தைரியராஜ்.

அந்த வருஷம் மாதா ஆண்டு. மே மாதம் எப்போதுமே மாதாவுக்குரிய மாதம். பாலக்கரைச் சந்துகளில் மாதா சுரூபத்தை ஜோடித்து வீடு வீடாக எடுத்துப்போனார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். அக்கம்பக்கத்தார் கூடி செபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். அற்புதசாமி பங்குச் சாமியாரிடம் கேட்டு, படுத்த நோயாளி உள்ள குடும்பம் என்று மூன்று நாள் வாங்கிக்கொண்டார். பாக்கியமேரி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பெட்டியிலிருந்த அம்மாவின் கல்யாணச் சேலையை எடுத்து மேஜைக்கு விரித்தாள். ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்காத சிரிப்போடு அற்புதசாமி மறுநாள் மன்னார்புரம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை ஆகிவிட்டது.

வாசல்காரன் பிச்சை சிறு கதவைத் திறந்தான். உப்பிலியபுரம் பக்கத்து ஆள். வருஷம் தவறாமல் சமயபுரத்துக்கு நடந்தே போய் வருகிறவன்.

"என்னண்ணே, இன்னைக்கு நேரமாயிடுச்சு?"

"வீட்டுக்கு மாதா வந்திருக்காங்க தம்பி. நேத்து சாயங்காலம் வந்தாங்க. எல்லாம் முடிச்சுட்டுக் கிளம்ப நேரமாயிடுச்சு."

பிச்சையின் கை கதவிலேயே நின்றது. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

"தாயே" என்றான். "யாருக்குண்ணே?"

"யாருக்குன்னா? எல்லாருக்குந்தான். சந்துல முதல்ல எங்க வீட்டுல இறங்கியிருக்காங்க. இன்னும் பதினாலு வீடு இருக்கு."

"பதினாலு வீட்டுக்குமா?"

"ஆமா பின்ன. ஒரு வீட்டையும் விட மாட்டாங்க. மத்த வீட்டுல ஒரு நாள்தான். நான்தான் கெஞ்சிக் கேட்டு மூணு நாள் இருக்க வச்சிருக்கேன்."

"கெஞ்சி இருக்க வச்சீங்களா!" பிச்சை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். "மேரிப் பாப்பா நல்லா இருக்காண்ணே?"

"அவளுக்கென்ன, ஓடியாடித் தோரணம் கட்டறா. வாசல் கொள்ளாத கூட்டம். நீயும் ஒரு எட்டு வந்து கும்பிட்டுட்டுப் போயேன்."

"நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேண்ணே. அப்படிக் கூட்டம் சேர்க்காதீங்க. தாய்க்கு ஆகாது."

"பாட்டு, செபமெல்லாம் கூட்டம் இல்லாம எப்படி?" என்று சிரித்துக்கொண்டே அற்புதசாமி உள்ளே போனார்.

பிச்சை ஸ்டூலில் உட்கார்ந்தான். மாரி இறங்கிய வீட்டு ஆளை வாசலில் மறிக்க அவனுக்குப் பயம். உள்ளே விட்டதைச் சொல்லாமல் இருக்கவும் பயம். மாலையும் அவர் வந்து ஊட்டிவிட்டுப் போகும்வரை பொறுத்து, எழுந்து போய்ச் சூப்பிரண்டிடம் சொன்னான். தன் பேச்சில் 'மாதா' என்ற சொல்லை அவன் மாற்றிவிட்டான். "அற்புதசாமி அண்ணன் வீட்டுல அம்மா இறங்கியிருக்குங்க" என்றான். சூப்பிரண்டு ரிஜிஸ்டரை இழுத்து எழுதினார்.

மறுநாள் சிறு கதவு திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே பிச்சை, வெளியே அற்புதசாமி, நடுவே தூக்குச் சட்டி. எந்த அம்மை, யாருக்கு அம்மை என்று அவர் கத்த, நீங்கதானேண்ணே சொன்னீங்க என்று இவன் கத்த, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் விளங்கியது. பிச்சை தலையில் அடித்துக்கொண்டான்.

"பொம்மையாண்ணே? சாமி பொம்மையா?"

"சுரூபம்டா."

"மாதான்னா எங்களுக்கு மாரித்தாய்தானேண்ணே. வேற என்ன நினைப்பேன்? இருங்க, இப்பவே சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். நான் இழுத்த வம்பு."

சூப்பிரண்டு தைரியராஜ் கலெக்டர் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பூசைக்குப் போகிறவர். மேஜை டிராயரில் செபமாலை இருந்தது. பிச்சை சொன்னதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து கம்பிக்கு ஓரடி தள்ளி நின்றார்.

"மாதா சுரூபத்தை அம்மைன்னு நினைச்சுட்டானா? எங்க தெருவுக்கும் போன வாரம் வந்துதுய்யா."

"அப்ப உள்ள விடச் சொல்லுங்கய்யா. மணி பத்தே முக்கால் ஆகுது. நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் அவ வயித்துல ஒண்ணுமில்ல."

"அதுல ஒரு சிக்கல் இருக்கே. ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு. 'பாலக்கரை அற்புதசாமி, வீட்டில் பெரியம்மை.' நேத்தே கமிட்டிக்கும் ரிப்போர்ட் போயிடுச்சு. பதினெட்டு நாள் உள்ள விடக் கூடாது."

"தப்புன்னு இப்ப நீங்களே சொல்றீங்களேய்யா. அடிச்சுட்டு எழுதுங்க."

"ரிஜிஸ்டர்ல அடிக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. அம்மை இல்லன்னு சுகாதார இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. பார்க்கலாம்."

"அதுவரைக்கும் அவளுக்கு?"

"நாங்க என்ன பட்டினியா போடறோம்?" என்றார் சூப்பிரண்டு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்குச் சட்டி பிச்சை கை வழியாக உள்ளே போயிற்று. பாதிக்கு மேல் கூழோடு திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். ஊரெல்லாம் அம்மைக்கு அலைந்துகொண்டிருந்தவர், நாலாம் நாள் சைக்கிளில் வந்தார். சந்தில் பதினைந்து வீடும் ஏறி இறங்கினார். சுரூபம் அதற்குள் மூன்றாவது வீட்டுக்குப் போயிருந்தது. விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "நாலு நாளா அந்தம்மா சரியாச் சாப்பிடலயா?" என்று மட்டும் கேட்டு, வாசலிலேயே சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதை வாங்கிப் படித்த சூப்பிரண்டு பத்திரமாக மடித்தார். "இது போதும். இனி கமிட்டி செகரட்டரி ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"அவர் எங்கேங்க?"

"கோடைக்கானல்ல. மாசக் கடைசியில வருவார். இன்னைக்கே கடிதாசு போட்டுடறேன்."

அற்புதசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்திரி வெயிலில் இரும்பு கொதித்தது, கையை எடுக்கவில்லை.

"ஐயா, நீங்களும் பூசைக்குப் போறவங்க. என் வீட்டுல அம்மை இல்லன்னு உங்களுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். கவர்மெண்டு ஆளு எழுதிக் கொடுத்துட்டாரு. தெரியாதது உங்க நோட்டு ஒண்ணுக்குத்தான். அந்த நோட்டு குளுகுளுன்னு கோடைக்கானல் போயிட்டு வர்ற வரைக்கும் அவ வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

"மரியாதையாப் பேசு. அறுபது உயிருக்கு நான் பொறுப்பு."

"அறுபதுல அவ இல்லியா?"

சூப்பிரண்டு உள்ளே போனார்.

அன்று அங்கேயே நின்றிருந்தபோது பால்கார வீரமலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் பால் கேன். ஹேண்டில்பாரில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. பின்வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் அற்புதசாமியைப் பார்த்துக் கால் ஊன்றினான்.

"என்னண்ணே, வெளிய நிக்கறீங்க?"

"அது இருக்கட்டும். வேப்பிலை என்னடா?"

"எங்கண்ணன் மவனுக்கு அம்மா இறங்கியிருக்குண்ணே. ஒரே வீடுதான். நேத்து முதல் தண்ணி ஊத்தினோம். தாய் கிருபையில முத்து இறங்குது."

பிச்சை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். வீரமலை எதையும் மறைக்கவில்லை. ஒரு வாரமாக இந்த வேப்பிலையோடுதான் வருகிறான். யாரும் கேட்கவில்லை. அவன் பார்வையாளன் இல்லையே.

பிச்சை மறுபடியும் சூப்பிரண்டிடம் ஓடினான். கொஞ்சம் கழித்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கறோம்னாரு. வேற பால்காரன் இந்த நேரத்துல கிடைக்க மாட்டான், படலுக்கு வெளியவே கேனை வச்சுட்டுப் போகச் சொல்லுன்னாரு."

"ரிஜிஸ்டர்ல எழுதினாரா?"

"இல்லண்ணே. அது விசிட்டர் ரிஜிஸ்டராம்."

அற்புதசாமி சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் பிச்சை கேட்டதில்லை. சட்டென்று நிறுத்திவிட்டு, "ரோசம்மாளைக் கூப்பிடு" என்றார்.

ரோசம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்ததும் அழத் தொடங்கினாள். "என்னால ஆகலண்ணே. ரெண்டு வாய் வாங்கிக்கறாங்க, மூணாவதுக்குப் புரையேறுது. கண்ணு உங்க வழியவே பார்க்குது. புரையேறும்போதெல்லாம் அந்தச் சின்ன ஆயாங்க, வண்டிக்காரர் நினைக்கறாரு, வண்டிக்காரர் நினைக்கறாருன்னு..."

"நான் நினைக்காத நேரம் எதுன்னு அதுங்களைக் கேளு" என்றார் அற்புதசாமி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அழுவாத. இங்க பாரு. பிச்சை, ஸ்டூலைக் கம்பிகிட்ட இழுத்துப் போட்டு உக்காரு. வாயைத் திற."

"நானாண்ணே?"

"நான் இழுத்த வம்புன்னு நீதானே சொன்ன. திற."

கம்பிக்குள் கையை விட்டு அவர் பிச்சையின் பின்னந்தலையைப் பிடித்தார். அடர்த்தியான மீசையும் காக்கிச் சட்டையுமாக அவன் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான். "மோவாய் கீழ. இன்னும் கீழ. நெஞ்சைத் தொடணும். ரோசம்மா, இந்த வாட்டத்தைப் பார்த்துக்க. இடது கடைவாய். கரண்டியைக் கவுக்காத, வச்சு இழு. இப்ப பேசக் கூடாது. இப்ப அடுத்ததை எடுக்கக் கூடாது. தொண்டையைப் பாரு. ஏறுதா? இறங்குச்சா? இப்ப."

சாலையில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரோசம்மாள் கரண்டியை வாங்கித் தானும் ஊட்டிப் பார்த்தாள். பிச்சை பாதிக் கிண்ணம் கூழ் சாப்பிட்டான். உப்புப் போதவில்லை என்று அவன் சொன்னபோதுதான், "அவளுக்கு உப்பு சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருடா" என்று சொல்லி அற்புதசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோசம்மாள் கற்றுக்கொண்டாள். ஆனால் முக்கால் மணி நேரத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. சகாயம்மாள் கடைவாயில் ஒரு வாயை வைத்துக்கொண்டிருக்கும்போதே வார்டின் அந்தக் கோடியில் யாராவது கூப்பிடுவார்கள். யாராவது கட்டிலிலிருந்து விழுவார்கள். ஒரு நாள் ஐந்து வாய், ஒரு நாள் மூன்று. அவள் இல்லாத நேரத்தில் சின்ன ஆயா தலையை நிமிர்த்தி ஊற்றியது எத்தனை என்று கணக்கில்லை.

அந்த நாட்களில் அற்புதசாமி ஒருமுறை சீரங்கம் சவாரி போனார். காவிரிப் பாலத்துக்குக் கீழே ஆறு முழுக்க மணல். ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். வடக்கு வாசலில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஜங்ஷன் முக்கு தாண்டும்போது மணி பத்து இருக்கும். குதிரை தானாக மன்னார்புரம் சாலையில் திரும்பியது. அவர் கடிவாளத்தை இழுக்கவில்லை. கதவுக்கு எதிரே வேப்பமர நிழலில் வழக்கமான இடத்தில் அது நின்றது. உள்ளே வார்டு ஜன்னல் தெரியும். அதற்குள்ளே கட்டில் தெரியாது. முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் நடுப்பகலில் பிச்சை சைக்கிளில் ஸ்டாண்டுக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சூப்பிரண்டு உடனே வரச் சொன்னாரு. உங்களை உள்ள விடச் சொல்லிட்டாரு."

"கையெழுத்து வந்துடுச்சா?"

பிச்சை வேறு பக்கம் பார்த்தான். "இல்லண்ணே."

அற்புதசாமிக்குப் புரிந்துவிட்டது. குதிரைக்கு வைத்திருந்த புல்லை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

சூப்பிரண்டு அறையில் விடுதி டாக்டரும் இருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மூன்று நாளாகக் காய்ச்சல், இன்றோ நாளையோ என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். சூப்பிரண்டு ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போ. கடைசி நேரத்துல நெருங்கின உறவு பார்க்கலாம்னு விதி இருக்கு. அதுக்குச் சீட்டு வேண்டியதில்ல."

அற்புதசாமி பேனாவை வாங்கவில்லை.

"பதினெட்டு நாள் ஆகலீங்களே."

"அதான் சொன்னேனே, இது வேற விதி."

"நேத்து நான் உள்ள வந்திருந்தா அறுபது பேருக்கும் அம்மை ஒட்டியிருக்கும். இன்னைக்கு வந்தா ஒட்டாதா?"

"மனிதாபிமானத்துக்காகத்தான்யா..."

"அது பத்து நாளா எங்கய்யா இருந்துச்சு? அதுவும் கோடைக்கானல் போயிருந்துச்சா? சாகறதைப் பார்க்கச் சீட்டு வேணாம். சாகாம இருக்கக் கூழு ஊட்டணும்னாத்தான் சீட்டு வேணும். இந்த விதியை எழுதினவனுக்கு வீட்டுல பொம்பளை இல்லியா? ஒருத்தருக்காவது ஒரு வாய் ஊட்டியிருப்பானா அவன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பிரண்டின் கை நீட்டிய பேனாவோடு மேஜைமேல் கிடந்தது. அவர் மனசில் அந்த ரிஜிஸ்டரை அடித்து எழுதியிருக்கலாமே என்று ஒரு கணமாவது தோன்றியதா என்று தெரியாது. தோன்றியிருந்தால் அதற்கு ஒரு பேனா போதும். அது அவர் கையிலேயே இருந்தது.

கையெழுத்துப் போடாமலே அற்புதசாமி வார்டுக்குப் போனார். சகாயம்மாள் பாதி ஆளாகியிருந்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, மூச்சில் கரகரவென்று சத்தம். அவரைக் கண்டதும் இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. ரோசம்மாள் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னந்தலையைப் பிடித்து, மோவாயைத் தாழ்த்தினார். நுனிக் கரண்டியில் துளி. வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டில் கிழவிகள் எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது ஏறியது, நின்றது, இறங்கியது.

"இறங்கிடுச்சு" என்றாள் ஒருத்தி.

அற்புதசாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். போர்வையோடு சேர்த்து அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கனமே இல்லை.

வராந்தாவில் சூப்பிரண்டு குறுக்கே வந்தார். "வெளிய கொண்டு போனா திரும்ப எடுத்துக்க மாட்டோம். யோசிச்சுக்க. உங்க வீட்டுல பகல்ல ஆளு கிடையாது."

அது உண்மைதான். பாக்கியமேரி எத்தனை நாள் பட்டறைக்குப் போகாமல் இருக்க முடியும், வண்டியை எத்தனை நாள் பாலக்கரையைத் தாண்டாமல் ஓட்ட முடியும் என்பது அவருக்கே தெரியாது. "யோசிச்சாச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆளைச் சுமந்துகொண்டு சிறு கதவில் குனிய முடியாது. பெரிய கதவு கமிட்டிக்காரர்களின் கார் வரும்போது மட்டும் திறப்பது. பிச்சை யாரையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கி இரண்டு பக்கமும் அகலத் தள்ளித் திறந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் பாலக்கரைச் சந்துக்கு விசாரித்துக்கொண்டு வந்தான். கையில் மஞ்சள் அட்டை. செகரட்டரி கோடைக்கானலிலிருந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். 'அற்புதசாமி, பார்வையாளர், அனுமதிக்கலாம்.'

வாசலில் காய்ந்த தோரணம் இன்னும் தொங்கியது. உள்ளே மாதா இருந்த மேஜை இருந்த இடத்தில் இப்போது கட்டில். சகாயம்மாளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டிருந்தது, கரகரப்பு விடவில்லை. பாக்கியமேரி ஒரு கையால் அம்மாவின் தலையைப் பிடித்திருந்தாள். அடுப்பில் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எழுந்து போக முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அற்புதசாமி கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தார்.

பிச்சை செருப்பை விட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, நிலையருகிலேயே நின்றான். அட்டையை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே" என்றான்.

அற்புதசாமி திரும்பவில்லை. மனைவியின் தொண்டை ஏறி இறங்கும் வரை பொறுத்திருந்தார்.

"பார்வையாளருக்கெல்லாம் இங்க அனுமதி இல்ல" என்றார். "கையைக் கழுவிட்டு வந்து தலையைப் பிடி. பாப்பா அடுப்பைப் பார்க்கட்டும்."